நியாயமான பிரீமியம்

டீயில் சர்க்கரை குறைவாக இருந்தால் சொல்லுங்கள், டப்பா பக்கத்திலேயே இருக்கிறது. என் மனைவி இந்திராணி மெட்ராஸ் போய்ப் பதினான்கு மாதம் ஆகிறது. எனக்கு இன்னும் அளவு பிடிபடவில்லை.

நீங்கள் எதற்காக வருகிறீர்கள் என்று மெஹர் சிங் சொல்லியிருந்தார். எண்பத்திநாலு நவம்பர் கலவரத்தில் சீக்கியர்களுக்கு அடைக்கலம் கொடுத்தவர்களின் வாக்குமூலங்களைத் தொகுக்கிறீர்களாம். என் பெயரைக் கொடுத்தது அவர்தான். இரண்டு பக்கத்தில் முடிந்துவிடும் என்று நினைத்து வந்திருப்பீர்கள். கொஞ்சம் கூடுதலாகத் தாள் இருந்தால் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். நீங்கள் தமிழ்க்காரர் என்பதில் எனக்கு ஒரு நிம்மதி. எனக்குத் தெரிந்த இந்தி ஆபீஸ் இந்தி. அதில் இதைச் சொன்னால் எல்லாமே விதிப்படி நடந்தது போல இருக்கும்.

பெயர் ஜோதிலிங்கம். வயது நாற்பத்தெட்டு. ஊர் காட்டுமன்னார்கோயில் பக்கம். டெல்லிக்கு வந்து இருபத்திரண்டு வருஷம். ஒரு இன்ஷூரன்ஸ் கம்பெனியில் மோட்டார் பிரிவில் இருக்கிறேன். எனக்குக் கார் ஓட்டத் தெரியாது. இப்போது இந்த முனிர்கா அறையில் தனியாக இருக்கிறேன். கலவரம் நடந்தபோது லோதி ரோடு குவார்ட்டர்ஸில் இருந்தோம். அது இந்திராணியின் பெயரில் ஒதுக்கிய வீடு. அவள் ஒரு அமைச்சகத்தில் கிளார்க்.

முதலில் ரிஜிஸ்டரைப் பற்றிச் சொல்ல வேண்டும். அது தெரியாவிட்டால் மற்றது விளங்காது.

எங்கள் கம்பெனியில் காருக்கான பிரீமியத்தை வண்டியைப் பார்த்துத்தான் போடுவோம். எஞ்சின் எவ்வளவு பெரியது, விலை என்ன, சொந்தக் காரா டாக்ஸியா, அவ்வளவுதான். ஓட்டுகிறவர் யார் என்பது கணக்கில் வராது. எழுபத்தொன்பதில் ஒரு நாள் பாலசுப்ரமணியம் என்பவர் கவுண்டருக்கு வந்தார். மந்திர் மார்க்கில் குடியிருந்த ஓய்வுபெற்ற கணக்கு வாத்தியார். பழைய பியட் ஒன்று வைத்திருந்தார். ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கு மட்டும் எடுப்பார். அன்றைக்கே ஒரு கான்ட்ராக்டரின் மகனும் வந்திருந்தான். இருபத்திரண்டு வயது. அதே பியட், அந்த வருஷத்தில் மூன்றாவது விபத்து. இரண்டு பேருக்கும் கிட்டத்தட்ட ஒரே தொகை.

"ஏன் சார், என் வண்டி ஷெட்லயே தூங்கறது. அந்தப் பையன் இடிக்கிறதுக்கு நான் ஏன் கட்டணும்?" என்று வாத்தியார் கேட்டார்.

கோபமாகக் கேட்கவில்லை. கரும்பலகையில் ஒரு கணக்கைப் போட்டுவிட்டு விடை கேட்பது போலக் கேட்டார். நியாயமான ஒரு கேள்விக்கு ஆபீஸில் பதில் இல்லை என்பது என்னைப் பல நாள் உறுத்தியது. அப்படித்தான் ரிஜிஸ்டரை ஆரம்பித்தேன். இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும். ஆரம்பம் நல்ல எண்ணத்தில்தான்.

பாலிசிப் படிவம், விபத்துக்கு நஷ்ட ஈடு கேட்டு வருகிற காகிதம் என்று ஒவ்வொன்றிலிருந்தும் வண்டிக்காரரின் வயது, கல்யாணம் ஆனவரா, என்ன தொழில், எந்த ஊர்க்காரர், டெல்லியில் எங்கே குடியிருக்கிறார், என்ன மதம் என்று குறித்துக்கொண்டேன். மதத்தை யாரும் படிவத்தில் எழுதுவதில்லை. பெயரைப் பார்த்தால் தெரிந்துவிடும். ஐந்து வருஷத்தில் நான்காயிரத்துச் சொச்சம் பெயர்கள் சேர்ந்தன. கல்யாணமாகாத இளைஞர்கள் அதிகம் மோதுகிறார்கள் என்று தெரிந்தது. அதை யாரும் மறுக்க மாட்டார்கள். இன்னொன்றும் தெரிந்தது. பெயர்களை மதவாரியாகப் பிரித்தபோது, சிங் என்று முடிகிறவர்களின் வரிசையில்தான் விபத்து அதிகம் இருந்தது.

பக்கத்து மேஜை சேஷன் தஞ்சாவூர்க்காரர். எதையும் மெதுவாகப் படிப்பார். ரிஜிஸ்டரை இரண்டு மதியம் வைத்துப் பார்த்துவிட்டுத் திருப்பிக் கொடுத்தார்.

"ஜோதி, இவாள்ளாம் டாக்ஸி ஓட்டறவா. ஒரு நாளைக்கு நூறு மைல் ஓடறா. உன் வாத்தியார் வாரத்துக்கு நாலு மைல். நீ மைலை எண்ணலை. தலைப்பாகையை எண்ணியிருக்கே."

அவர் சொன்னது சரி. அது எனக்கும் தெரிந்தே இருந்தது. ஆனால் மைலை எப்படி எண்ணுவது? யாரும் உண்மையைச் சொல்ல மாட்டார்கள். பெயர் பொய் சொல்லாது. கண்ணுக்குத் தெரிவதை வைத்துத்தானே கணக்குப் போட முடியும்? சேஷனிடம் இதைச் சொன்னேன். அவர் தன் பைலைத் திறந்துகொண்டார்.

எங்கள் மேனேஜருக்கு ரிஜிஸ்டர் பிடித்துப்போயிற்று. எழுத்தில் எதுவும் வேண்டாம் என்றார். அபாயம் அதிகமுள்ள வண்டிகளுக்குக் கூடுதல் கட்டணம் போட ஒரு பழைய விதி இருந்தது. அந்த விதியை, நான் பிரித்த வகுப்புகளுக்கு, யாரும் கேட்காத வரையில் போட்டுக்கொள்ளலாம் என்றார். வாத்தியாருக்குக் குறைக்க வழி இல்லை. கூட்டுவதற்கு மட்டும்தான் வழி இருந்தது.

மெஹர் சிங் கவுண்டருக்கு வந்தது எண்பத்திரண்டில். எங்கள் குவார்ட்டர்ஸுக்கு எதிரே வேப்பமரத்தடி டாக்ஸி ஸ்டாண்டில் அவருடைய அம்பாஸடர் நிற்கும். அதனால் முகம் பழக்கம். எங்கள் பெண் பிறந்தபோது இந்திராணியை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனது அவர்தான். மீட்டர் போடவில்லை. அன்று அவர் பேசியது இந்தியில். நான் தமிழில் சொல்கிறேன்.

"பாபுஜி, பத்தொன்பது வருஷமா ஓட்டறேன். வண்டியில ஒரு கீறல் கிடையாது. இந்த வருஷம் மட்டும் ஏன் ஜாஸ்தி?"

"உங்களுக்காக இல்ல சர்தார்ஜி. உங்க வகுப்புக்கு."

"எந்த வகுப்பு?"

ரிஜிஸ்டரை அவர் பக்கம் திருப்பிக் காட்டினேன். மறைப்பதற்கு அதில் ஒன்றுமில்லை என்பது என் எண்ணம். அவருக்கு இங்கிலீஷ் வாசிக்க வராது. ஆனாலும் விரலை வைத்துக் கீழே வரை கொண்டுபோனார். தெரிந்த பெயர்களின் வடிவம் தெரிந்திருக்க வேண்டும்.

"இதுல எவனோ ஒருத்தன் மோதினா நான் கட்டணுமா? அவன் யாருன்னே எனக்குத் தெரியாதே."

"இன்ஷூரன்ஸ்னா அதுதான்" என்றேன்.

இப்போதும் அது சரியான பதில்தான். அவர் ரிஜிஸ்டரை என் பக்கம் திருப்பி வைத்தார். பிறகு பணத்தைக் கட்டினார். அந்த வாரத்திலேயே ஒரு மழை நாளில் பஸ் ஸ்டாப்பில் நின்றுகொண்டிருந்த என்னை ஏற்றிக்கொண்டு போய் வீட்டில் விட்டார். மனதில் எதையும் வைத்துக்கொள்ளவில்லை. அல்லது அப்படி எனக்குத் தோன்றியது.

பிரேம் சந்த் என்று ஒருவன் டாக்ஸிக்காரர்களின் பாலிசிகளைப் பிடித்துக்கொண்டு வருவான். எங்கள் ஏஜென்ட். கட்சி ஆட்களோடு பழக்கம் உண்டு. அவனுக்கும் ரிஜிஸ்டரைக் காட்டியிருக்கிறேன். பெருமைக்காகத்தான். இவ்வளவு விவரம் போலீஸிடம்கூட இருக்காது என்று பாராட்டினான். எண்பத்திநாலு அக்டோபரில், தலைமை ஆபீஸுக்கு அனுப்ப நல்ல கையெழுத்தில் ஒரு பிரதி எடுப்பதற்காக அதை வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தேன்.

பிரதமரை அவருடைய சீக்கியக் காவலர்கள் இருவர் சுட்டது புதன்கிழமை. வியாழன் காலையில் பால் வாங்கப் போனவர்கள் திரும்பி வந்து கதவைச் சாத்திக்கொண்டார்கள். எட்டு மணிக்கு ஸ்டாண்டிலிருந்து புகை வந்தது. மெஹர் சிங் மாடிப்படி ஏறி எங்கள் கதவைத் தட்டினார். அவருடைய வண்டி எரிந்துகொண்டிருந்தது. எங்கள் வீட்டிலிருந்து பார்த்தால் தெரியும். ஆனால் அவர் ஜன்னல் பக்கமே திரும்பவில்லை.

நான் வாசலிலேயே நின்றுகொண்டிருந்தேன். இந்திராணிதான் என்னைத் தள்ளிவிட்டு அவரைக் கையைப் பிடித்து உள்ளே இழுத்தாள். இதையும் எழுதிக்கொள்ளுங்கள். காப்பாற்றியது அவள். சமையலறைக்குப் பின்னால் சாமான் போட்டு வைக்கிற சின்ன அறையில் அரிசி மூட்டையை நகர்த்தி இடம் பண்ணினாள்.

"அண்ணா, சத்தம் போடாம உக்காருங்க. யார் கூப்பிட்டாலும் வரக்கூடாது" என்று அவருக்குப் புரியாத தமிழிலேயே சொன்னாள். பெண்ணைப் பக்கத்து வீட்டில் கொண்டுபோய் விட்டாள்.

டீ கொடுக்கப் போனபோது அவர் என்னிடம் பேசினார்.

"யாரோ ரெண்டு பேர் செஞ்சது, பாபுஜி" என்றார். நான் டம்ளரை நீட்டினேன்.

பிறகு வீட்டைப் பற்றிச் சொன்னார். மனைவியும் இரண்டு மகன்களும் அங்கே இருந்தார்கள். "நல்லவேளை, போன மாசம்தான் போகல் ஏரியாவுலேர்ந்து ஆத்துப் பாலத்துக்கு அந்தப்பக்கம் மாறினோம். அந்தச் சந்துல சர்தார் வீடு எங்களோடது ஒண்ணுதான். வீட்டுக்காரர் நல்லவர், யார் கேட்டாலும் சொல்ல மாட்டார். நாங்க அங்க இருக்கிறது வெளியில யாருக்கும் தெரியாது."

எனக்குத் தெரியும். பாலிசியில் மாற்றுவதற்காகப் புது விலாசத்தை அவரே என்னிடம் சொல்லியிருந்தார்.

ஒன்பதரைக்கு மறுபடி கதவு தட்டப்பட்டது. பிரேம் சந்த். கீழே ஒரு மெட்டடோர் வேனில் ஆட்கள் இருந்தார்கள். ரிஜிஸ்டர் வேண்டும், சாயங்காலம் திருப்பித் தருகிறேன் என்றான். சீக்கியர்களின் வீடுகளுக்குப் பாதுகாப்புக் கொடுக்கப் போகிறார்கள், அதற்கு விலாசம் தேவைப்படுகிறது என்றான். கொடுத்தேன்.

கொஞ்சம் பொறுங்கள். அதை அடித்துவிடுங்கள். இரண்டு வருஷமாக எனக்கு நானே அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன். அதனால் வாயில் அதுவே வருகிறது. அவன் அப்படிச் சொல்லவில்லை. "ஜோதி சாப், அந்த ரிஜிஸ்டர். ஜல்தி. சாயங்காலம் தர்றேன்" என்றான். அவ்வளவுதான். "பாதுகாப்புக்கா?" என்று கேட்டது நான். அவன் என்னைப் பார்த்தான். கீழே வேனைப் பார்த்தான். "அச்சா" என்றான். "பாதுகாப்புக்குத்தான்."

அவன் சட்டையில் மண்ணெண்ணெய் வாடை அடித்தது.

மேஜையிலிருந்து எடுத்து வந்து கொடுத்தேன். ஏன் கொடுத்தேன் என்று நீங்கள் கேட்பீர்கள். சாமான் அறையில் ஒரு ஆள் இருந்தார். பிரேம் சந்த் உள்ளே வந்துவிடக் கூடாது. கேட்டதைக் கொடுத்து வாசலோடு அனுப்பிவிட வேண்டும். இது ஒரு காரணம். நான் இப்போது யோசித்துச் சொல்வதல்ல, அப்போதே என் மனதில் இருந்தது. கொடுத்ததோடு நான் நின்றிருந்தால், பயந்தவர்கள் எல்லோரும் செய்கிற காரியம்தான் இது என்று விட்டுவிடலாம்.

அவன் அங்கேயே நின்று பக்கங்களைப் புரட்டினான். சிங் வரிசைக்கு வந்தான். பெயர்களை முணுமுணுத்துக்கொண்டே போனான். ஏஜென்ட் அல்லவா, பாதிப் பேரை அவனுக்கே தெரியும். மெஹர் சிங், போகல் என்று படித்தான்.

"இவன் போகல்ல இல்லையே. காலையில அங்க போயிட்டுத்தான் வர்றோம். வீடு பூட்டிக் கிடக்கு. உன் புஸ்தகம் தப்பு" என்றான்.

சொல்லிவிட்டுச் சிரித்தான்.

நான்காயிரம் பெயர்கள். ஐந்து வருஷம். பஸ்ஸில், ஞாயிற்றுக்கிழமைகளில், காய்ச்சல் வந்த நாட்களில் உட்கார்ந்து எழுதியது. அதில் ஒரு தப்பு இருக்கிறது என்று இதுவரை யாரும் சொன்னதில்லை. சேஷன்கூடச் சொன்னதில்லை. நான் சட்டைப் பையிலிருந்து பேனாவை எடுத்தேன். போகல் என்பதை ஒரு கோடு போட்டு அடித்தேன். அதற்கு மேலே, இடம் குறைவாக இருந்ததால் சின்ன எழுத்தில், புது விலாசத்தை எழுதினேன். சந்து எண், வீட்டு எண், வீட்டுக்காரர் பெயர். ஓரத்தில் தேதியும் போட்டேன். திருத்தினால் தேதி போடுவது என் வழக்கம்.

அவரைத்தான் தேடுகிறார்கள், அவரோ என் வீட்டுக்குள் இருக்கிறார், அவருக்கு ஒன்றும் ஆகாது என்று நினைத்தேன். நினைத்தேனா, பிறகு சேர்த்துக்கொண்டதா, எனக்கு நிச்சயமில்லை. மகன்களின் நினைவு வந்ததா என்று கேட்டால், வந்தது. பெரியவன் பல்பீர், இருபத்து மூன்று வயது. சின்னவன் பத்தொன்பது. இருவரும் கல்யாணமாகாதவர்கள். அப்பாவின் வண்டியை அவர்களும் ஓட்டுவார்கள் என்பதால் அவர்களுடைய வயதும் அந்த வரியிலேயே இருந்தது.

பிரேம் சந்த் மையை ஊதிக் காயவைத்துவிட்டு இறங்கிப் போனான்.

திரும்பினேன். இந்திராணி சமையலறை வாசலில் நின்றுகொண்டிருந்தாள். அவளுக்கு இந்தி என்னைவிட நன்றாகத் தெரியும்.

"பேனாவ எதுக்கு எடுத்தீங்க?" என்று கேட்டாள்.

"ஒரு தப்பு இருந்தது. சரி பண்ணேன்."

அவள் அதற்கு மேல் கேட்கவில்லை. அன்றும் கேட்கவில்லை, பிறகும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் விளக்கியிருப்பேன்.

பத்தரை மணியிலிருந்து ஸ்டாண்டில் இருந்த போன் அடித்துக்கொண்டே இருந்தது. மரத்தில் ஒரு மரப்பெட்டிக்குள் வைத்து ஆணியடித்திருப்பார்கள். மரம் பாதி கருகியும் போன் பிழைத்திருந்தது. நிற்கும், மறுபடி அடிக்கும். யாரோ ஸ்டேஷனுக்கு வண்டி கேட்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டேன். பதினொன்றரை வரை அடித்தது. சாமான் அறைக்குள் அது கேட்டிருக்காது. பின்னால் தெரிந்தது, கூப்பிட்டது அவருடைய மனைவி. சந்து முனையில் இருந்த மருந்துக்கடையிலிருந்து. கும்பல் தெருவுக்குள் வந்துவிட்டது, வீட்டு எண்ணைச் சொல்லி விசாரிக்கிறார்கள், நீங்கள் வந்துவிடாதீர்கள் என்று சொல்வதற்காக. மருந்துக்கடைக்காரர் அவரை உள்ளே வைத்து ஷட்டரை இறக்கிவிட்டார். மகன்கள் வீட்டில் இருந்தார்கள்.

கழுத்தில் டயர், மண்ணெண்ணெய். மற்றதை நீங்கள் வேறு வாக்குமூலங்களில் எழுதியிருப்பீர்கள்.

மாலையில் இந்திராணி மெஹர் சிங்கிடம் தலைமுடியை எடுத்துவிட வேண்டும் என்று சொன்னாள். ராணுவம் வரும் வரை காத்திருக்க முடியாது, எப்படியாவது நிவாரண முகாமுக்குக் கொண்டுபோக வேண்டும். அவர் கீழே உட்கார்ந்தார். துணி வெட்டுகிற கத்தரிக்கோலால் அவளே வெட்டினாள். வெட்டும்போது அவள்தான் அழுதாள். முடியை ஒரு தலையணை உறையில் போட்டு அவரிடம் கொடுத்தாள். அவர் அதை மடியில் வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துக் கைகூப்பினார்.

"பாபுஜி, இந்த வீட்டை மறக்க மாட்டேன்" என்றார்.

சொன்னபடியே மறக்கவில்லை. மகன்களின் செய்தி சனிக்கிழமை முகாமில்தான் அவருக்குத் தெரிந்தது. ஒரு மாதம் கழித்து வந்தார். அதற்குப் பிறகு மாதம் ஒரு முறை வருகிறார். இந்திராணி மெட்ராஸுக்கு மாற்றல் வாங்கிக்கொண்டு பெண்ணோடு போனபோது, வேறு ஒருவரின் வண்டியில் அவர்தான் ஸ்டேஷனுக்குக் கொண்டுபோய் விட்டார். அவள் அவர் காலில் விழுந்தாள். அவர் பதறிப்போனார். இந்த அறைக்கும் வருகிறார். நீங்கள் உட்கார்ந்திருக்கிற இந்த நாற்காலியில்தான் உட்காருவார். டீ குடிப்பார். முடியைத் திரும்பவும் வளர்த்துவிட்டார், இப்போது முழுக்க வெள்ளை. என்னைப் பார்த்துக்கொண்டிருப்பார். அவருக்கு ஒன்றும் தெரியாது என்று சில நாள் தோன்றும். சில நாள், அன்று சாமான் அறைக் கதவு சாத்தியிருந்ததா, லேசாகத் திறந்திருந்ததா என்று நான் ஞாபகப்படுத்திப் பார்ப்பேன். திறந்திருந்தால் பிரேம் சந்த் பேசியது அவருக்குக் கேட்டிருக்கும். அப்படியானால் அவர் ஏன் வருகிறார் என்று எனக்குத் தெரியவில்லை. உங்களை அவர் என்னிடம் அனுப்பியதும் ஏன் என்று தெரியவில்லை. அவர் போன பிறகு விடியும்வரை உட்கார்ந்திருக்கிறேன். வெளியே எங்காவது போன் அடித்தால் எண்ணுகிறேன். இருபது, முப்பது. இந்தத் தெருவில் போன் யாரிடமும் இல்லை.

ரிஜிஸ்டர் அன்று சாயங்காலமே திரும்பி வந்துவிட்டது. பிரேம் சந்த் வாக்குத் தவறவில்லை. சில பெயர்களுக்கு எதிரே பென்சிலால் குறி போட்டிருந்தான். டிசம்பரில் வருஷக் கணக்கு முடித்தபோது, அந்தக் குறிகளையும் எரிந்த வண்டிகளையும் சேர்க்க வேண்டியிருந்தது. கலவர நஷ்டத்துக்கு எங்கள் பாலிசியில் பாதுகாப்புக் கிடையாது. அதனால் கம்பெனி எதுவும் கொடுக்கவில்லை. ஆனால் இழப்பு இழப்புதான். வகுப்புவாரியாகக் கூட்டியபோது அந்த வகுப்பு மற்ற எல்லாவற்றையும்விட வெகு தூரம் மேலே இருந்தது. என் கணிப்பு சரி என்று மேனேஜர் குறிப்பு எழுதினார். சேஷன் அதைப் படித்துவிட்டு எழுந்து போனார். திரும்பி வரும்போது அவர் முகம் நனைந்திருந்தது. அந்த வாரமே வேறு பிரிவுக்கு மாற்றல் கேட்டார்.

ரிஜிஸ்டர் இங்கேதான் இருக்கிறது, டிரங்குப் பெட்டியில். எடுத்துக்கொண்டு போங்கள். நூற்று எண்பத்தாறாம் பக்கம். என் கையெழுத்து, என் மை, தேதி, எல்லாம் தெளிவாக இருக்கும். நான் எழுதாமல் இருந்திருந்தால் அவர்கள் பூட்டிய வீட்டைப் பார்த்துவிட்டுப் போயிருப்பார்கள். பல்பீர் சிங்கையும் அவன் தம்பியையும் விலாசம் எழுதிக் காட்டிக் கொடுத்தது நான். இப்படியே, இதே சொற்களில் எழுதுங்கள். எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன்.

ஒன்றே ஒன்று கேட்டுக்கொள்கிறேன். இதைப் படிக்கிறவர்கள் பிரேம் சந்தையும் வேனில் வந்தவர்களையும் என்னையும் ஒரே வரிசையில் எழுதி விடுவார்கள். அப்படிச் செய்ய வேண்டாம் என்று ஒரு குறிப்புச் சேருங்கள். ஒரு மனிதனை அவன் செய்ததை வைத்துத் தனியாகப் பார்க்க வேண்டும். கூட்டத்தோடு சேர்த்து எடைபோடுவது நியாயமில்லை.